சிறைவாசலைத் தாண்டிய முதல் இரண்டு வாரம்

மலேசியாவின் பினாங்கில் டத்தோ கெராமாட் பக்கம், ஜாலான் பெஞ்சாராவில் இருக்கும் சிறையிலிருந்து ஒருவர் காலையில் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதம் உள்ளே இருந்தவர். அதற்கு முன் தினமும் ஹெரோயின். வீட்டில் இட்லி அவிகிறது, அண்ணன் எங்கோ வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். மறுபடி பழக்கத்துக்குப் போய்விடுவாரோ என்பதுதான் எல்லாருடைய பயமும். ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் பழைய பழக்கம் அல்ல, பழைய அளவு.

மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் நரம்பணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் மூச்சை இழுக்கச் சொல்லி விரட்டுவது அவைதான். ஹெரோயின் அவற்றை மந்தமாக்குகிறது. தினமும் எடுப்பவரின் அணுக்கள் இதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும். புதியவரைக் கொல்லும் அளவு அவரை லேசாகக் கண் சொக்க வைப்பதோடு நின்றுவிடும். ஹெரோயின் நின்ற சில நாட்களிலேயே அந்தத் தாங்கும் சக்தி கரையத் தொடங்குகிறது. எட்டு மாதம் கழித்து அவர் உடலளவில் ஏறக்குறைய புதியவர். கியான் மட்டும், அதாவது அந்த ஏக்கம் மட்டும், பழையபடியே இருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. போதைமருந்தின் அளவு மிகையாகி இறக்கும் வாய்ப்பு மட்டும் 129 மடங்கு.

இடத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1982இல் வெளியான ஓர் ஆய்வில், ஹெரோயினுக்குப் பழக்கப்படுத்திய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றை ஏற்றினார்கள். வழக்கமான அறையில் ஏற்றப்பட்டவற்றில் 32 சதவீதம் செத்தன. அதே அளவை வேறு அறையில் ஏற்றியபோது 64 சதவீதம். பழகிய இடத்தைக் கண்டதும் உடல் முன்கூட்டியே எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகிறது. ஊருக்குத் திரும்பி, தெரியாத ஒரு வாடகை அறையில் ஊசி போடுபவருக்கு அந்தத் தயாரிப்பும் கிடையாது. கூடவே சம்சு என்ற மலிவுச் சாராயமோ எரிமின் என்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால், அவையும் அதே மூச்சைத்தான் அழுத்தும்.

இதற்குத் தடுப்பாக நம்மிடம் இருப்பது மெத்தடோன், ஹெரோயினுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்கும் மருந்து. மலேசியாவில் 2005இல் தொடங்கியது. 2008இல் கோத்தா பாருவின் பெங்காலான் சேப்பா சிறைக்குள்ளும் போனது. நரம்பணுக்களில் ஹெரோயின் போய் ஒட்டும் அதே இடங்களை, அதாவது ஏற்பிகளை, இதுவும் பிடிக்கும், ஆனால் மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேல் நிற்கும். அதனால் தினம் ஒரு தடவை போதும். இங்கே மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள சிரப்பாகத் தருகிறார்கள். மருந்தாளர் கண்ணெதிரே குடித்து, மேலே தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகவேண்டும். வாயில் ஒதுக்கி வைத்து வெளியே விற்பதைத் தடுக்கத்தான் இந்தப் பேச்சு.

தொடக்க அளவு 20 முதல் 30 மில்லிகிராம். முதல் நாள் 'ஒன்னும் ஏறலயே டாக்டர்' என்று கெஞ்சுவார்கள். இரக்கப்பட்டு உடனே கூட்டுவது ஆபத்து. நேற்றைய மருந்தில் பாதி இன்றும் உடலில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: முதல் நாள் 30, இரண்டாம் நாள் 45, மூன்றாம் நாள் 52, ஐந்தாம் நாள் 58. குடிப்பது அதே 6 மில்லிதான், உடலில் நிற்பது ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் சில நாள் இடைவெளி விட்டு 5, 10 மில்லிகிராமாக ஏற்றுகிறார்கள். பெரும்பாலோர் 60க்கும் 120க்கும் இடையில் நிலைக்கிறார்கள்.

சிறையிலேயே மருந்து குடித்து வந்தவருக்குச் சங்கிலி அறுவது வாசலில்தான். ஐந்து நாள் விட்டுப்போனால் கிளினிக் பெரும்பாலும் பழைய அளவை, 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம், அப்படியே தராது; தாங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதால் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். ஆகவே விடுதலைக்கு முன்பே மூன்று விஷயம் கையில் எழுத்தாக வேண்டும்: கடைசியாகக் குடித்த அளவு, தேதி, போகவேண்டிய கிளினிக்கின் பெயர். நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் வெளியே வருபவருக்கு, மறுநாள் மருந்து எங்கே என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

காசநோய் இருந்தால் இன்னொரு சிக்கல். நெருக்கமும் காற்றோட்டக் குறைவும் இருக்கும் சிறைகளில் அது எளிதாகப் பரவும். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு மெத்தடோனை வேகமாக உடைக்க வைக்கும். மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் மூக்கொழுகல், கொட்டாவி, எலும்பு நோவு. மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நோயாளி சண்டைக்கு நிற்பார். அவர் நடிக்கிறார் என்று கிளினிக்கில் சொல்வார்கள். இரண்டும் தவறு, அளவை ஏற்ற வேண்டும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்ததும் சுமார் இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஏற்றிய அளவை அப்போது இறக்க மறந்தால், அதுவே மிகை.

வீட்டார் கவனிக்க வேண்டியது குறட்டை. களகளவென்று தொண்டையில் சிக்கும் குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, குண்டூசித் தலை அளவு சுருங்கிய கண்மணி. 'அசந்து தூங்குறான், விடு' என்று கதவைச் சாத்தாதீர்கள். பெயர் சொல்லி உலுக்குங்கள், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லையென்றால் 999. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை ஊதுங்கள். மெத்தடோன் குடிப்பவர் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் போடும் நலோக்சோன், அதாவது ஹெரோயின், மெத்தடோன் வகை மருந்துகளின் வேகத்தை முறிக்கும் மருந்து, சில நிமிடத்தில் எழுப்பிவிடும், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். மெத்தடோன் அப்போதும் உள்ளே இருக்கும். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போறேன்' என்று சொன்னாலும் அன்றிரவு வார்டிலேயே இருக்க வையுங்கள்.