பருப்பில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வது எப்படி?

"பாலும் முட்டையும்கூடச் சேராத வீகன் உணவுக்குப் பெரும்பாலும் மாறிவிட்டேன். வருமானம் குறைவு. புரதப் பொடி, பாதாம் பால், பாக்கெட்டில் வரும் போலி இறைச்சி எதுவும் கட்டுப்படியாகாது. வெறும் தானியமும் பயறும் காய்கறியும் சாப்பிட்டால் போதுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போதும். மலிவான உணவில் சத்துக்குப் பஞ்சமில்லை. தட்டில் இருக்கும் சத்து முழுவதும் ரத்தத்துக்குப் போய்ச் சேராததுதான் பிரச்சினை. அதைச் சேர வைக்கும் வழிகளுக்குப் பெரிதாகச் செலவும் இல்லை.

முதலில் புரதம். எல்லோரும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், உண்மையில் எளிதில் தீர்வதும் இதுதான். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 48 கிராம். காய்ந்த பயறு, பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை இருக்கிறது, சோயாவில் அதற்கும் மேல். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் லைசின் தானியத்தில் குறைவு, மெத்தியோனைன் பயறில் குறைவு. இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டும் ஒரே வேளையில் தட்டில் இருந்தாக வேண்டும் என்று ஒரு காலத்தில் வலியுறுத்தினார்கள். அவசியமில்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் சரி.

இரும்புதான் சிக்கலானது. 100 கிராம் காய்ந்த மசூர் பருப்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. காகிதத்தில் அருமையான எண். ஆனால் தாவர இரும்பில் 2 முதல் 20 சதவீதம் வரைதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. உடன் என்ன சாப்பிட்டோம், உடம்பில் ஏற்கெனவே எவ்வளவு இரும்பு கையிருப்பு உள்ளது என்பதைப் பொறுத்து இது மாறும். இதனால்தான் அமெரிக்க வழிகாட்டி, சைவ உணவுக்காரர்கள் மற்றவர்களைவிட 1.8 மடங்கு இரும்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

இந்தப் பெரிய இழப்புக்கு முக்கியக் காரணம் பைட்டிக் அமிலம். எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறுகளில் ஒன்று இது. ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட் தொங்குகிறது. விதை தன் பாஸ்பரஸில் பெரும்பகுதியை இந்த வடிவில்தான் சேமித்து வைக்கிறது. நாளைக்கு முளைவிடப்போகும் கன்றுக்கு இதுதான் சீதனம். ஆறு பாஸ்பேட்டுகளுக்கும் எதிர்மின்சுமை. இரும்பு, துத்தநாகம், கால்சியம் அயனிகளுக்கு நேர்மின்சுமை. கிட்டே வந்தால் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட உலோகம் சிறுகுடலில் கரையாத உப்பாகி, உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். இதை உடைக்கும் பைட்டேஸ் என்ற நொதி நம் குடலில் மிகச் சொற்பம்.

ஆனால் விதைக்குத் தன் சேமிப்பைத் திறக்கத் தெரியாமல் இருக்குமா? தண்ணீர் உள்ளே இறங்கி விதை விழித்துக்கொண்டதும் அதன் சொந்த பைட்டேஸ் வேலையைத் தொடங்குகிறது. வளையத்திலிருந்து பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. ஆறு ஐந்தாகும், ஐந்து நான்காகும். மூன்றுக்கும் கீழே போகும்போது இரும்பின் மேலுள்ள பிடி தளர்ந்துவிடுகிறது. விதை தன் கன்றுக்காகச் செய்வது நமக்கும் உதவுகிறது. ஊறவைத்து முளைகட்டுவதன் வேதியியல் இவ்வளவுதான், ஆனால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நொதி என்பதால் அதற்குச் சில விருப்பங்கள் உண்டு. லேசான புளிப்பும் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் தானிய பைட்டேஸுக்குப் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் வேலை மெதுவாக நடக்கும். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீர், அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, இரவு முழுக்க நேரம். கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், பைட்டிக் அமிலமோ கொதிநீருக்கு அவ்வளவாக அசையாது. எனவே முதலில் ஊறல், அப்புறம்தான் அடுப்பு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கரைந்த பைட்டிக் அமிலம் கொஞ்சம் அதோடு போகும், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் கொஞ்சம் போகும்.

இன்னொரு விஷயம். கோதுமையிலும் அதன் உறவுத் தானியமான ரையிலும் பார்லியிலும் பைட்டேஸ் தாராளம். அரிசி, சோளம், பயறுகளில் இந்த நொதி குறைவு. ஓட்ஸை ஆலையிலேயே சூடாக்கிப் பதப்படுத்துவதால் அதில் நொதி ஏறக்குறைய இருக்காது, அதனால் ஓட்ஸை மட்டும் இரவெல்லாம் ஊறவைத்துப் பெரிய பயன் இல்லை. அதில் ஒரு கரண்டி பச்சை முழுக்கோதுமை மாவைக் கலந்து ஊறவைத்து, காலையில் வேகவைத்தால், கோதுமையின் நொதி ஓட்ஸின் பைட்டிக் அமிலத்தையும் சேர்த்து வெட்டும். மாவைப் புளிக்க வைத்தாலும் இதே கதைதான். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைக் கூட்டி நொதிக்குத் தோதான சூழலை உண்டாக்கித் தருகின்றன.

பைட்டிக் அமிலம் பாதி குறைந்தால் இரும்பு இருமடங்கு சேரும் என்று கணக்குப் போட முடியாது. மிச்சமிருக்கும் கொஞ்சம்கூட நன்றாகவே தடுக்கும். அங்கேதான் வைட்டமின் சி கைகொடுக்கிறது. சிறுகுடல் செல்லின் வாசலில் இருக்கும் கடத்திப் புரதம் இரண்டு நேர்மின்சுமை கொண்ட இரும்பை மட்டுமே உள்ளே விடும். தாவர இரும்போ பெரும்பாலும் மூன்று மின்சுமையோடு வருகிறது. வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து மூன்றை இரண்டாக்குகிறது, கூடவே பைட்டிக் அமிலம் பிடிப்பதற்கு முன் அதைத் தன்னோடு கரைந்த நிலையில் வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் குடலில் இருந்தால்தான் இது நடக்கும். காலையில் ஆரஞ்சும் இரவில் பருப்பும் என்றால் பலனில்லை. பருப்பை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், சூட்டில் வைட்டமின் சி அழியும். கொய்யா, குடைமிளகாய், வேகவைக்காத தக்காளித் துண்டுகள் எது மலிவோ அது. தேநீரையும் காபியையும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அவற்றிலுள்ள பாலிஃபீனால்களும் இரும்பைப் பிடிப்பவைதான்.

முளைகட்டும்போது விதையில் வைட்டமின் சி புதிதாக உருவாகிறது என்பது கூடுதல் லாபம். முதல் உலகப்போர்க் காலத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு எதிராக முளைப்பயறைப் பயன்படுத்தலாம் என்று ஹாரியட் சிக் போன்ற ஆய்வாளர்கள் சொன்னது இதனால்தான். ஆனால் முளை வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளில் இருந்த ஈ.கோலை பாக்டீரியாவால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

ஊறவைப்பதற்குக் காப்புரிமை கிடையாது, அதில் யாருக்கும் லாபமும் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி விளம்பரம் வருவதில்லை. பைட்டிக் அமிலம் குறைந்த, இரும்பு மிகுந்த பயறு ரகங்களை உருவாக்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம் இன்னும் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏழைகள் சாப்பிடும் உணவை மேம்படுத்துவதைவிட முக்கியமான ஊட்டச்சத்து ஆய்வு எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை செய்தாலும் வைட்டமின் பி12 கிடைக்காது. அதைப் பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற வேறுவகை நுண்ணுயிர்களும் மட்டுமே தயாரிக்கின்றன. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். "இயற்கையாகச் சாப்பிட்டால் மாத்திரை எதற்கு?" என்ற நம்பிக்கையால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, அதனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எப்போதாவது முட்டையோ பாலோ சாப்பிடுவதை நம்பி இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பி12ஐ உள்ளே கொண்டுபோகும் குடல் வழி, ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராமோடு நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் போவதில் 1 சதவீதம் அளவுக்குத்தான் தானாகக் கசிந்து சேரும். அதனால் தினமும் சிறு அளவு எடுக்கலாம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. சயனோகோபாலமின் என்ற வடிவம் விலை குறைவு, நாள்பட்டாலும் கெடாது, பெரும்பாலோருக்கு அதுவே போதும்.