ஐந்து டாலருக்கு ஒரு தொட்டிக் கழிவு

மரீனா என்றால் நமக்குச் சென்னைக் கடற்கரைதான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் வாடகை கொடுத்து அதைக் கட்டிவைக்கும் படகுத்துறை. கார் நிறுத்துமிடம் போலத்தான். தரைக்குப் பதிலாகத் தண்ணீர். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் கடலில் கழித்துவிட்டுத் திரும்பும் படகுகள், ஞாயிறு மாலையில் துறையின் ஒரு மூலையில் வரிசை கட்டும். அங்கே ஒரு பம்பும் தடித்த குழாயும் இருக்கும். படகுக் கழிப்பறையின் தொட்டியை அது உறிஞ்சிக் காலி செய்யும். கட்டணம் பெரும்பாலும் 5 டாலர். பல இடங்களில் அதுவும் இல்லை.

அந்த வேலைக்கு உண்மையில் ஆகும் செலவு அதைவிட அதிகம். தெரிந்தே நட்டத்துக்கு நடத்தப்படும் சேவை இது. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கழிப்பறையில் ஒருமுறை தண்ணீர் விட்டால் சுமார் 6 லிட்டர் போகிறது. அதோடு குளித்த நீரும் துணி துவைத்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்ந்துதான் சாக்கடையை அடைகின்றன. ஆகவே நகரக் கழிவுநீர் என்பது பெரும்பாலும் நீர். கழிவு அதில் கொஞ்சம். படகில் கதை தலைகீழ். நடுத்தரப் படகின் தொட்டி 100 லிட்டர் பிடித்தால் அதிகம். அதைச் சீக்கிரம் நிரப்பிவிடக் கூடாது என்பதால் படகுக் கழிப்பறை ஓரிரு லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. குளித்த நீர் தொட்டிப் பக்கமே வருவதில்லை. மிஞ்சுவது கெட்டியான சரக்கு.

எவ்வளவு கெட்டி? கழிவைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்று அளப்பார்கள். இதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். நகரக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 110 முதல் 400 மில்லிகிராம். படகுக் கழிவில் 1,700 முதல் 3,500. ஒரு கணக்குப் போடலாம். லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர் தொட்டி கேட்கும் ஆக்சிஜன் 250 கிராம். வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அப்படியானால் இந்த ஒரு தொட்டி, 35,000 லிட்டர் கடல்நீரின் மூச்சை முழுவதுமாக நிறுத்தப் போதும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுக்கடலில் இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அலையும் நீரோட்டமும் கலைத்துவிடும். ஆனால் படகுத்துறை என்பதே அலை உள்ளே வராதபடி தடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டிய இடம். படகுக்கு எது பாதுகாப்போ அதுவே தண்ணீருக்குச் சிறை.

இனி பம்பு. கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டில் மோட்டாரை வைத்து உறிஞ்சினால் இருபத்தைந்து அடிக்குக் கீழே இருக்கும் நீர் ஏறி வராது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்குவார்கள். உறிஞ்சும் பம்பு நீரைப் பிடித்து இழுப்பதில்லை. குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மேலே தள்ளும் வேலையைச் செய்வது வெளியே இருக்கும் காற்றழுத்தம். அதன் வலிமைக்குக் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் எல்லை. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணறிவிடும். படகுத்துறைப் பம்புக்கும் இதே எல்லைதான். நீண்ட குழாயின் உராய்வும், அசையாத மேடையாக இருந்தால் கடல் வற்றும் வேளையில் படகு கீழே இறங்கிவிடும் ஆழமும் அதே கணக்கிலிருந்து கழிந்துகொண்டே வரும். அதனால் பம்பைப் படகுக்குப் பக்கத்திலேயே, உப்புக் காற்றில் நிறுத்த வேண்டியிருக்கிறது. துருவும் பழுதும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

சில துறைகளில் இருப்பது வெற்றிடத் தொட்டி. நம் ஊரில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வரும் லாரியின் வேலைமுறைதான். வேறு சில இடங்களில் இருக்கும் பம்புதான் எனக்கு அதிகம் பிடித்தது. தடித்த ரப்பர் குழாய் ஒன்றை உருளைகள் அழுத்திப் பிழிந்தபடியே சுற்றிவரும். பிழிபடும் இடம் நகர நகர உள்ளே இருப்பதும் முன்னால் நகரும். கழிவு குழாயின் உட்சுவரைத் தவிர எதையும் தொடுவதில்லை. அடைத்துக்கொள்ள உள்ளே வால்வும் இல்லை. நம் குடல் உணவை நகர்த்துவதும் இப்படித்தான். குடல் தொடங்கிய வேலையைக் குடலின் பாணியிலேயே முடித்துவைக்கும் இயந்திரம்! ஓயாமல் பிழிபடும் ரப்பர் என்றாவது ஒருநாள் கிழியும். அதை மாற்றுவதும் செலவுக் கணக்கில் சேரும்.

உறிஞ்சும்போது வெளியேறும் கழிவின் இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகத் தொட்டியிலிருந்து படகின் வெளிப்புறத்துக்கு மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று போகும். அதன் வாயில் உப்போ, பூச்சிக் கூடோ அடைத்திருந்தால் தொட்டியே உள்வாங்கி நசுங்கிவிடலாம். காற்று வராத தொட்டிக்கு இன்னொரு தண்டனையும் உண்டு: ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அதை அடக்கப் பலர் தொட்டியில் மருந்து ஊற்றுவார்கள். அந்த மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் தலைவலி படகுத்துறைக்கு இடம் மாறும். செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைப்பதும் நுண்ணுயிர்கள்தானே. அவற்றை அது கொன்றுவிடும்.

அதனால்தான் உறிஞ்சியதை எங்கே அனுப்புவது என்பது பெரிய செலவாகிறது. நகரச் சாக்கடை பக்கத்தில் இருந்தால் நல்லது. ஊர்க் கழிவோடு கலந்து நீர்த்துவிடும். ஆனால் துறை கடல் மட்டத்தில் இருக்கிறது, சாக்கடையோ தெருவில், மேட்டில். தள்ளி ஏற்ற இன்னொரு பம்பு வேண்டும். சாக்கடையே இல்லாத இடத்தில் தரைக்கடியில் பெரிய தொட்டி கட்டி, நிரம்பும்போதெல்லாம் லாரி வரவழைக்க வேண்டும். லாரிக்காரர் அளவுக்குத் தகுந்தபடி பணம் கேட்பார்.

இதையெல்லாம் படகுத்துறை முதலாளி தன் கையிலிருந்து போடுவாரா? மாட்டார் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. 1992ஆம் ஆண்டில் வந்த தூய படகுச் சட்டத்தின்படி, பம்பு அமைக்கவும் நடத்தவும் ஆகும் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம். பணம் வரும் வழி சுவையானது. தூண்டில், மீன்பிடிச் சாமான்கள் மீது விதிக்கும் வரியும் மோட்டார் படகுகள் எரிக்கும் பெட்ரோல் மீதான வரியும் சேரும் நிதியிலிருந்து அது எடுக்கப்படுகிறது. ஆக, ஞாயிறு மாலை 5 டாலர் நீட்டுபவர் மீதித் தொகையில் ஒரு பகுதியைச் சனிக்கிழமை காலையே பெட்ரோல் நிரப்பும்போது கட்டிவிட்டார். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடும் ஆளும், படகே இல்லாமல், தன் பங்கைக் கட்டியிருக்கிறார்.

மானியம் பெற்ற துறை எல்லாப் படகுகளுக்கும் பம்பைத் திறந்துவைக்க வேண்டும். காரணம் காட்டாமல் 5 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது. இந்த விதி 1994இல் எழுதப்பட்டது. விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் கட்டண உச்சவரம்பைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அன்றைய 5 டாலர் வாங்கியதை இன்று வாங்க 10 டாலருக்கு மேல் வேண்டும்.

இவ்வளவு மலிவாக வைக்கக் காரணம், போட்டியாளர் இலவசம் என்பதுதான். பல படகுகளில் கழிப்பறைக் குழாயோடு ஒய் வடிவ வால்வு ஒன்று உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் தொட்டிக்கு, மறு பக்கம் திருப்பினால் நேரே கடலுக்கு. கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கொட்டுவது குற்றம். வால்வைப் பூட்டிவைக்க வேண்டும். ஆனால் இருட்டில், தண்ணீருக்கடியில் நடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? பம்பின் கட்டணத்தை 25 டாலராக்கினால் எத்தனை பேரின் கை வால்வுக்குப் போகும் என்ற அச்சம்தான் அந்த 5 டாலரை அங்கேயே நிறுத்தியிருக்கிறது. பணத்தைவிட நேரமே பெரிய விலை என்பேன். களைத்து வந்தவர் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் ‘பம்பு பழுது’ என்ற அட்டையைப் பார்த்தால் மலிவுக் கட்டணம் அவரைத் தடுக்காது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பல துறைமுகங்களில் பம்பு பொருத்திய படகே தேடி வருகிறது. ரேடியோவில் கூப்பிட்டால் போதும், கட்டணமும் இல்லை.

படகிலேயே கழிவைச் சுத்திகரிக்கும் கருவியும் சட்டப்படி உண்டு. சிறு படகுகளுக்கான முதல் வகைக் கருவியிலிருந்து வெளியேறும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 வரை மலக் கோலிபார்ம் பாக்டீரியா இருக்கலாம். பச்சையாகத் தின்னும் சிப்பியை வளர்க்கும் நீரிலோ அந்த எண்ணிக்கை சராசரியாக 14ஐத் தாண்டக் கூடாது. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் இருப்பதைத் தன்னுள் சேர்த்துவைக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளமும் ஒரு காரணமாக, சுத்திகரித்ததைக்கூடக் கொட்டக் கூடாத பகுதிகள் அறிவிக்கப்பட்டன. ரோட் ஐலண்டு மாநிலக் கடல் முழுவதும் 1998இலும், வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்டு 2018இலும் அப்படி ஆயின.

கலிபோர்னியாவின் காட்டலினா தீவில் அவலான் என்றொரு துறை. உள்ளே வரும் படகுகளில் காவலர்கள் ஏறி, கழிப்பறைத் தொட்டியில் ஒரு சாய மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். வால்வைத் திறந்தால் படகைச் சுற்றித் தண்ணீர் பளிச்சென்று நிறம் மாறும், சாட்சியே வேண்டாம். அத்தனை கண்டிப்புக்குப் பிறகும் அந்த ஊர்க் கடற்கரை நெடுநாள் அசுத்தமாகவே இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது மண்ணுக்கடியில் கசிந்துகொண்டிருந்தவை ஊரின் பழைய சாக்கடைக் குழாய்கள்.