நர்ஸ் பிராக்டிஷனர்: பொருளும் வேலையும்

நர்ஸ் பிராக்டிஷனர் என்பதைச் சிலர் ‘செவிலியர் பயிற்சியாளர்’ என்று தமிழாக்குகிறார்கள். தவறு. பயிற்சியாளர் என்றால் சொல்லிக்கொடுப்பவர். ‘பயிற்சிச் செவிலியர்’ இன்னும் மோசம். படித்துக்கொண்டிருக்கும் மாணவி என்று பொருள் வந்துவிடும். இவரோ நோயாளியைப் பரிசோதித்து, என்ன நோய் என்று கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருபவர். செவிலியராகப் பதிவு பெற்று, அதற்கு மேல் முதுகலை அல்லது முனைவர் பட்டம் முடித்து, குடும்ப நலம், குழந்தை நலம், மனநலம் என ஏதாவது ஒரு பிரிவில் தேர்ச்சி பெற்றிருப்பார்.

நர்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பாலூட்டி வளர்ப்பவள் என்பது பழைய பொருள். நம் அகப்பாடல்களில் வரும் செவிலியும் தலைவியை வளர்த்த தாய்தான். இலங்கையில் வழங்கும் ‘தாதி’யும் வளர்ப்புத் தாயைக் குறித்த சொல். ஆக, முதல் பாதியில் சிக்கல் இல்லை. இரண்டாம் பாதியில்தான் தடுமாறுகிறோம். பிராக்டிஸ் என்றதும் ஒத்திகை பார்ப்பது நினைவுக்கு வருகிறது. ஆனால் ‘அந்த டாக்டர் மதுரையில் பிராக்டிஸ் பண்றார்’ என்கிறோமே, அந்தப் பொருள்தான் இங்கே: தொழிலைத் தன் பொறுப்பில் நடத்துவது. எனவே ‘மருத்துவச் செவிலியர்’ என்பதே பொருந்தும் என்பேன்.

இந்தப் பணி பிறந்தது அமெரிக்காவில். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் படிப்பைத் தொடங்கினார்கள். மருத்துவர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. இந்தியாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென இரண்டாண்டு முதுகலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது.

சரி, நர்ஸ் பிராக்டிஷனருக்கு நல்ல வேலை எது? பிராக்டிஷனர் என்ற சொல் உண்மையாக இருக்கும் வேலை. அமெரிக்காவில் அது முதலில் மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. கொலராடோவில் அவர் தனியாகவே சிகிச்சை தரலாம்; டெக்சாஸில் மருந்து எழுத ஒரு மருத்துவருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும்.

ஆனால் சட்டம் உரிமை கொடுத்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சர்க்கரை நோயாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் புண் இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சுலினை ஏன் விட்டுவிட்டு போடுகிறார் என்று கேட்டால், விலை கட்டுப்படியாகவில்லை என்பார். அப்புறம் மலிவான மாற்று தேட வேண்டும். இதையெல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடி என்று சொல்லும் இடத்தில் செவிலியருக்குரிய கவனிப்புதான் முதலில் அடிபடும். ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்து நீட்டிப்புக் கோரிக்கைகள், நோயாளிகள் அனுப்பும் செய்திகள் எல்லாம் வேறு காத்திருக்கும். அதற்கென்று வேலை நேரத்தில் இடம் ஒதுக்காவிட்டால் வீட்டில் ராத்திரி உட்கார்ந்து முடிக்க வேண்டியதுதான்.

அதனால் வேலைக்குச் சேருமுன், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், இந்த எழுத்து வேலைகளுக்குச் சம்பளத்தோடு நேரம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். புதிதாகப் படித்து வந்தவராக இருந்தால், சந்தேகம் வரும்போது பக்கத்து அறையில் கேட்க அனுபவசாலி ஒருவர் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், சம்பளப் பேச்சு இவற்றுக்குப் பிறகுதான்.