பூச்சிமருந்து: ஒரே சொல்லில் இரு பிழைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்த்தார். இலையின் அடியில் அசுவினிப் பூச்சியைக் கண்டால், "செடிக்கு மருந்து அடிக்கணும்" என்பார். பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிய அந்த மருந்து சமையலறைத் தொட்டியின் கீழ் இருந்தது. இருமலுக்கு அவர் காய்ச்சித் தந்த கஷாயத்துக்கும் மருந்து என்றே பெயர். பெயர் ஒன்றாக இருந்ததால்தான் அந்தப் புட்டியை யாரும் அங்கிருந்து அப்புறப்படுத்தவில்லை என்று நான் நம்புகிறேன்.

தமிழின் மருந்தும் தெலுங்கின் மந்துவும் உறவுச் சொற்கள். வள்ளுவர் அமிழ்தத்தைச் 'சாவா மருந்து' என்கிறார். வெடிக்கும் தூளோ வெடிமருந்து. ஒருவரை வசப்படுத்த அவரறியாமல் சோற்றில் கலப்பது இடுமருந்து. தெலுங்கர் சாராயத்தையும் மந்து என்பர். இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், 'நலம் தருவது' என்பதைவிட, 'சிறிய அளவிலேயே பெரிய வேலை செய்யும் பொருள்' என்பதே இச்சொல்லின் பரந்த பொருள் எனத் தோன்றுகிறது. எங்கள் ஜூலு அயலவர் வழங்கும் 'உமுத்தி' என்ற சொல்லும் இத்தகையதே. மரத்துக்கும் மருந்துக்கும் பொதுவான அச்சொல் செடிக்குத் தெளிப்பவற்றையும் குறிக்கும். ஆகவே 'பூச்சிமருந்து' இலக்கணத்தில் தவறன்று. ஆனால் இன்று மருந்து என்றதும் மருத்துவரும் மாத்திரையுமே நினைவுக்கு வருவதால், பழைய பொருள்விரிவு நம்மைக் காப்பாற்றுவதில்லை. இதுவே முதல் பிழை.

இரண்டாம் பிழை 'பூச்சி' என்ற முன்பகுதியில் உள்ளது. ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள், நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. அந்த நொதி பூச்சிக்கும் உண்டு, எலிக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு. மக்காச்சோள வயல்களுக்கென வந்த டெர்புஃபோஸ் அவ்வகையைச் சேர்ந்தது. அது கள்ளத்தனமாக நகர்ப்புறங்களில் எலிமருந்தாக விற்கப்பட்டது. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த சொவெட்டோவின் நலேடிப் பகுதியில் ஆறு குழந்தைகள் அதனால் இறந்தனர். 2025 ஜூனில் தென்னாப்பிரிக்க அமைச்சரவை அதன் இறக்குமதியைத் தடைசெய்ய ஒப்புதல் அளித்தது. தெருவில் விற்கும் இத்தகைய எலி நஞ்சுகளுக்கு செசோத்தோ மொழியில் 'ஹாலெபிரிமே' என்று ஒரு பெயர் வழங்குகிறது. சூரியன் மறையாது, அதாவது மறைவதற்குள் எலி செத்துவிடும் என்பது பொருள். நம் 'மருந்து' மறைப்பதை அந்தத் தெருப்பெயர் மறைக்கவில்லை.

பூச்சி என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. தண்டுத்துளைப்பான் என்னும் புழுவுக்கு எதிராகப் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைச் சேர்த்த 'பிடி' (Bt) மக்காச்சோளம் தென்னாப்பிரிக்காவில் 1998 முதலும், மக்கள் அன்றாடம் கூழாக உண்ணும் வெள்ளை மக்காச்சோளத்தில் 2001 முதலும் வணிக முறையில் பயிராகிறது. அதிலுள்ள புரதம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில், அதற்கே உரிய ஏற்பிகளில் ஒட்டிச் செயல்படுகிறது. அமிலம் நிறைந்த நம் வயிற்றில் பிற புரதங்களைப் போலச் செரிக்கிறது. தெளிப்பு குறைகிறது என்பது மெய்யான நன்மை. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் இதே நாட்டில்தான் அந்தப் புரதத்தைத் தாங்கும் தண்டுத்துளைப்பான்கள் வளர்ந்துவிட்டன என்று 2007-இல் பதிவாயிற்று. புழு பழகிவிட்டால் உழவர் மறுபடியும் தெளிப்பானைத்தான் தோளில் மாட்டுவார். ஆக, மரபணு மாற்றப் பயிர் என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாவற்றையும் ஏற்பதும் எல்லாவற்றையும் தள்ளுவதும், மருந்து என்ற ஒரே பெயரின் கீழ் கஷாயத்தையும் நஞ்சையும் வைத்ததற்கு ஒப்பாகும். எந்த மரபணு, எந்தப் பயிரில், எதற்காக என்று கேட்ட பிறகே பேச வேண்டும்.

இனி, தகுந்த சொல். ஆங்கிலத்தின் 'பெஸ்டிசைட்' என்பதன் பின்பகுதி, வெட்டு, கொல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கான்ஸும் பூச்சியைக் கொல்வது என்றே நேராகச் சொல்கிறது. அவ்வகையில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என்பவையே தமிழில் சரியானவை. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஈழத்தார் வழங்கும் 'பீடைநாசினி' உதவும். நூலுக்கும் பேச்சுக்கும் இவை போதும். புட்டியின் மேல் எழுதும்போது மட்டும் நான் இன்னும் ஒரு படி மேலே போய், 'நஞ்சு' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே 'உஷேவு' என்று ஜூலுச் சொல்லையும் சேர்க்கிறேன்; எங்கள் வீட்டில் தோட்டவேலைக்கு உதவ வருபவர் தமிழ் படிக்கமாட்டார் என்பதால் அதை அவர் படிக்கும் ரோமன் எழுத்திலேயே எழுதுகிறேன்.