சாமி கண்ணைக் குத்துமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பள்ளிச் சபைகூடலில் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்கிறான், 1970-இல் வந்த அந்த ஐந்து கோட்பாடுகளில் முதலாவதே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பக்கத்து வீட்டு நண்பனின் அப்பா எந்தக் கடவுளையும் கும்பிடாதவராம். "அப்படின்னா அந்த அங்கிள் கெட்டவராம்மா?" என்று பையன் கேட்டுவிட்டான், அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எனக்கு உடனே என் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த ஒரு வரியை ஆராய்ச்சியாளர் பேச்சில் சொன்னால், யாருமே இல்லாத இடத்திலும் ஒருவர் பார்க்கிறார், தப்பு செய்தால் தண்டிப்பார் என்று நம்புகிறவர் நேர்மையாக நடப்பார் என்று ஆகும். சரி, இதை எப்படிச் சோதிப்பது? நீங்கள் நேர்மையானவரா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேமரா வைத்தால் கேமராவுக்குப் பயந்து ஒழுங்காக இருப்பார்கள். யாரும் பார்க்காதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதை, யாருமே பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும்!

2016-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் பெஞ்சமின் புர்சிக்கியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். தான்சானியாவின் ஹட்சா மக்கள், சைபீரியாவின் துவா மக்கள், ஃபிஜி, வனுவாட்டு, பிரேசில், மொரிஷியஸ் இந்துக்கள் என 8 சமூகங்களில் 591 பேர். ஒவ்வொருவர் முன்னாலும் 30 காசு, இரண்டு கிண்ணம், ஒரு பகடை. ஒரு கிண்ணத்தில் விழும் காசு அவருக்கே (இன்னொரு ஆட்டத்தில் அவர் ஊர்க்காரருக்கு), மற்றதில் விழுவது எங்கோ தொலைவில் வாழும், அவர் மதத்தையே சேர்ந்த, முகம் தெரியாத ஒருவருக்கு. பகடையில் மூன்று பக்கம் ஒரு நிறம், மூன்று பக்கம் வேறு நிறம். முதலில் மனசுக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். உருட்டியதும் ஒரு நிறம் வந்தால் நினைத்த கிண்ணத்தில் காசைப் போட வேண்டும், மற்ற நிறம் வந்தால் எதிர்க் கிண்ணத்தில்.

எந்தக் கிண்ணத்தை நினைத்தார் என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் பிடிக்க முடியாது. ஆனால் கணக்கு பிடித்துவிடும். நியாயமாக ஆடினால் சராசரியாகப் பாதிப் பாதி, அதாவது 15 காசு தூரத்து ஆளுக்குப் போக வேண்டும். ஒருவர் 12 காசு போட்டால் அவரைத் திருடன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் 30 தடவை உருட்டும்போது 10-லிருந்து 20 வரை வருவது சாதாரணம். நூறு பேரைச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 3,000 உருட்டல், 1,500 காசு போயிருக்க வேண்டும், 1,400 தான் போயிருக்கிறது என்றால் அது தற்செயலாக நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. ஆளுக்கு ஒரே ஒரு காசு, அவ்வளவுதான் ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் தெரிந்துவிடுகிறது! எந்தத் தனி மனிதரையும் குற்றவாளி ஆக்காமல் ஒரு கூட்டத்தின் நேர்மையை அளந்தாயிற்று. வீட்டில் பிள்ளைகளோடு பத்து சென் காசுகளை வைத்து ஆடிப் பாருங்கள், நிகழ்தகவு அப்படியே மனத்தில் பதிந்துவிடும்.

முடிவு பாட்டிக்குச் சாதகமாகவே வந்தது. தங்கள் கடவுள் மனத்தில் இருப்பதையும் அறிவார், தண்டிப்பார் என்று அதிகம் சொன்னவர்கள் (மொரிஷியஸில் அவர்கள் பேசியது சிவனைப் பற்றி) தூரத்து ஆளுக்குக் கூடுதலாகக் காசு போட்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தூரத்து ஆளும் தன் மதத்துக்காரர்தான் என்பதை மறக்கக்கூடாது. வேற்று மதத்துக்காரருக்கும் அப்படிப் போட்டிருப்பார்களா என்பதை இந்த ஆட்டம் சொல்லாது.

நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது நினைவிலும் இருக்க வேண்டும் போலிருக்கிறது. மொராக்கோவின் மராகேஷில் கடைக்காரர்களிடம் செய்த ஆய்வில், பாங்கு ஒலி காதில் விழும்போது அவர்கள் தர்மத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் 2007-இல் கனடாவில், கடவுள் சம்பந்தமான சொற்களை வாக்கியங்களில் கலந்து கொடுத்தாலே மனிதர்கள் தாராளமாகிறார்கள் என்று ஒரு பிரபலமான ஆய்வு வந்தது, 2015-இல் இன்னும் பல மடங்கு ஆட்களோடு திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கப் பணம் கேட்டால் யாருக்கும் கொடுக்க மனம் வருவதில்லை, புதுசு புதுசாகத்தான் கேட்கிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், குவான் இன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பாங்கும் கோயில் மணியும் ஒரே கடைக்காரர் காதில் விழுகிற ஊர் இது. வேற்று மதத்துக்காரரிடமும் அப்படி நேர்மையாக நடப்பார்களா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? இதற்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும்.

இனி அந்த அங்கிள். 1993-இல் நூச்சி, டூரியல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மிகுந்த பக்தியுள்ள கிறிஸ்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்று கடவுள் சொல்லாமல் இருந்திருந்தால் செய்யலாமா? செய்யலாம் என்றார்கள் கிறிஸ்தவப் பிள்ளைகள். திருடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் திருடுவது தப்புதான் என்றார்கள் பெரும்பாலான பிள்ளைகள், அடுத்தவருக்கு வலிக்குமே என்று காரணமும் சொன்னார்கள். பெரியவர்கள் விஷயத்தில், 2014-இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைப்பேசிக்கு ஒரு நாளைக்குப் பலமுறை செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ செய்தீர்களா என்று கேட்டார்கள். பக்தர்களுக்கும் பக்தி இல்லாதவர்களுக்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் நம் சந்தேகத்தில்தான் இருக்கிறது. 2017-இல் 13 நாடுகளில் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் ஒரு கொடூரமான கொலைகாரனைப் பற்றிச் சொல்லிச் சோதித்தபோது, அவன் கடவுள் நம்பிக்கை இல்லாதவனாக இருப்பான் என்று ஊகிக்கும் பக்கமே மனம் சாய்ந்தது, நம்பிக்கை இல்லாதவர்கள்கூட அப்படித்தான் ஊகித்தார்கள். உங்கள் மகனுக்கு வந்ததும் இதே ஊகம்தான், சகோதரி. அந்த அங்கிள் நல்லவரா இல்லையா என்பது அவர் உங்கள் பிள்ளையிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் தெரியும். பையனைத் தாராளமாக அங்கே விளையாட அனுப்புங்கள்.