டிடர்மினிசத்துக்குத் தமிழில் என்ன சொல்?

‘டிடர்மினிசம்’ (determinism) என்ற தத்துவச் சொல்லைப் பார்த்ததும் ‘விதிக் கொள்கை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லாலேயே விவாதம் பாதை மாறிவிடுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘டெர்மினுஸ்’ என்றால் எல்லை. அதையொட்டி ‘டெடெர்மினாரே’, எல்லை கட்டுதல். தத்துவத்தில் இதன் பொருள்: எந்த நிகழ்வுக்கும் முன்னால் போதிய காரணங்கள் உண்டு, அவை அப்படியே இருந்தால் விளைவும் வேறாக இருக்க முடியாது. உலகின் எல்லாப் பொருள்களின் நிலையும் விசையும் ஒரு கணத்தில் தெரிந்த அறிவுக்கு எதிர்காலமும் தெரிந்துவிடும் என்று 1814-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதினார்.

‘விதி’ வடமொழியிலிருந்து வந்த சொல். வகுத்து வைத்தது என்று பொருள். போக்குவரத்து விதி, நியூட்டன் விதி, தலைவிதி எல்லாவற்றுக்கும் இதுவே. ஆனால் பேச்சில் தலையெழுத்துதான் முன்னால் வந்து நிற்கிறது: என்ன செய்தாலும் நடப்பதுதான் நடக்கும். டிடர்மினிசம் அப்படிச் சொல்வதில்லை. படித்தால்தான் பாஸ், நீங்கள் படிக்க உட்கார்ந்ததற்கும் காரணம் உண்டு என்கிறது. உங்கள் முடிவும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதைத் தாண்டிக்கொண்டு எதுவும் நடப்பதில்லை.

மெரினாவில் கிளி ஜோசியரிடம் உட்கார்ந்து பாருங்கள். கிளி கூண்டைவிட்டு வரும், அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சீட்டு விதி. கிளிக்கோ பழக்கமும் நெல்லும். டிடர்மினிசம் பேசுவது அந்த நெல்லைப் பற்றி.

‘ஊழ்’ பொருந்துமா? அருமையான சொல். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். செய்த வினை முதிர்ந்து பலனாவதுதான் ஊழ். ‘ஆருயிர் முறைவழிப் படூஉம்’ (உயிர் முறையின் வழியே போகும்) என்ற கணியன் பூங்குன்றனாரின் ‘முறை’க்கும் பழைய உரை ஊழ் என்றே பொருள் சொல்கிறது. ஆனாலும் முற்பிறவி வினையை விட்டுவிட்டு இந்தச் சொல்லை ஆள முடியாது. ‘நியதி’யிலும் சிக்கல் உண்டு: முயற்சியால் எதுவும் ஆகாது என்று சொன்ன மற்கலியின் கொள்கைப் பெயர் அது. ஆசீவகம் என்ற பழைய சமயத்தின் ஆசான் அவர். அதனால் நான் ‘காரண நியதி’ என்று எழுதுகிறேன். முன்னால் நிற்கும் ‘காரணம்’ அந்தப் பழைய பொருளைத் தள்ளி வைக்கிறது.

அப்புறம் ‘ஃப்ரீ வில்’ (free will), நாமே தேர்ந்து முடிவெடுக்கும் திறன். ‘தன்னிச்சை’ என்றால் யாரையும் கேட்காமல் செய்தார் என்ற குற்றச்சாட்டாகிவிடுகிறது. ‘கட்டற்ற விருப்பம்’ என்றால் காரணமே இல்லாத விருப்பம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியதாகிவிடும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் அப்படிப் பார்க்கவில்லை. விருப்பத்துக்குக் காரணம் இருக்கட்டும். பிறர் கட்டாயம் இல்லாமல் அந்த விருப்பப்படி நடக்க முடிந்தால் அதுவே சுதந்திரம் என்றார். விருப்பத்துக்குக் காரணம் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஏற்கக்கூடிய சொல் ‘தன்விருப்பு’. காரணமும் சுதந்திரமும் ஒத்துப்போகும் என்ற ஹியூமின் வழிக்கு ‘இசைவுக் கொள்கை’ என்று சொல்லலாம்.

1983-ல் அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வில், கையை அசைக்க நினைத்ததாக ஆட்கள் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியிருந்தது. தன்விருப்பு பொய் என்று சிலர் முடிவுகட்டினார்கள். லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நொடியில் வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் மனத்துக்கு உண்டு என்றார்.

மெரினாவுக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் 1909-ல் தத்துவ ஆசிரியரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வாழ்க்கையைச் சீட்டாட்டம் என்றார்: கைக்கு வந்த சீட்டுகள் முன்வினை, ஆடுவது நம் விருப்பம். வள்ளுவரும் இரண்டையும் சொல்கிறார். 380-ஆம் குறளில் ‘ஊழிற் பெருவலி யாவுள’ (ஊழைவிட வலியது எது) என்று கேட்டவர், 620-இல் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ (ஊழையும் புறமுதுகிட வைப்பார்கள்) என்கிறார், சளைக்காமல் முயல்பவர்களைப் பற்றி. இங்கெல்லாம் ஊழ் ஊழாகவே இருக்கட்டும். லாப்லாஸைத் தமிழில் எழுதும்போது மட்டும் ‘காரண நியதி’ போதும்.