பையைத் திறப்பதற்கு முன்னால்

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். பிள்ளை ஓடிவரும், அம்மாவோ அப்பாவோ முதலில் பையை வாங்குவார்கள், நோட்டை எடுத்துப் புரட்டுவார்கள், பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். 18 வருடமாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன், இந்த வரிசை மாறி நான் பார்த்தது குறைவு. நோட்டு காலியாக இருந்தால் அடுத்த கேள்வி எனக்கு: "மிஸ், இன்னைக்கு ஒண்ணுமே எழுத வைக்கலையா?"

வைக்கவில்லைதான். நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். மூன்று வயதில் அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரி வரியாக எழுதச் சொன்னால் கை வலிக்கும், எழுத்தே வெறுத்துப்போகும். களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும் எழுத்துக்கான வேலைதான். நோட்டில் தெரியாது, அவ்வளவுதான்.

போன வருடம் நான்கு வயதுப் பையன் ஒருவன், தாள் முழுக்க நீலக் கிறுக்கல், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி என்று படம் வரைந்து அப்பாவிடம் நீட்டினான். "யானையா?" என்றார் அவர். பையன் சும்மா தலையாட்டினான். "யானைன்னா தும்பிக்கை எங்க?" என்று பேனாவை எடுத்து அவரே ஒரு தும்பிக்கையும் போட்டுக் கொடுத்துவிட்டார். காலையில் என்னிடம் அவன் சொன்ன கதையே வேறு: நீலம் மழை, சிவப்பு மழையில் விட்டுவிட்டு வந்த செருப்பு. இன்னொரு செருப்பு எங்கே என்றேன். "அது என் காலோட வந்துடுச்சு." அந்த அப்பாவைக் குறை சொல்லவில்லை, வேலைக்கு நடுவில் ஓடிவந்தவர். ஆனால் "இது என்னடா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருந்திருந்தால் அந்தச் செருப்பு அவருக்கும் கிடைத்திருக்கும்.

பெற்றோர் ஈடுபாடு என்றால் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காருவது, ராத்திரி கண்விழித்து ப்ராஜெக்ட் ஒட்டிக் கொடுப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். (அந்த ப்ராஜெக்டைக் கொடுத்து அனுப்புவதே எங்களைப் போன்ற பள்ளிகள்தான், மறைக்க என்ன இருக்கிறது.) 2018-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 4 முதல் 6 வயது வரையுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள், அவர்கள் கதை கேட்கும்போது மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். பெரியவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்பதைவிட, பேச்சு இருவருக்கும் நடுவே எத்தனை முறை போய்வந்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது. அப்படி மாறி மாறிப் பேசிய பிள்ளைகளுக்கு, மொழியைக் கையாளும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. வீட்டு வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் இதே முடிவுதான்.

அதனால் "இன்னைக்கு என்ன படிச்சே?" வேண்டாம், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யார் அழுதா?" என்று கேட்டுப் பாருங்கள், முழுச் செய்தியும் வாசிப்பார்கள். நடுவில் திக்கி நின்றால் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். இது சொல்ல சுலபம், எனக்கே வகுப்பில் பல நாள் முடிவதில்லை.

அப்புறம், எங்களிடமும் கொஞ்சம் பேசுங்கள். ஒரு பெண் குழந்தை திடீரென்று எல்லோரையும் கடிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் தம்பி பிறந்து, அவள் அம்மா பக்கத்தில் படுப்பது நின்றுபோயிருந்தது. காலையில் விடும்போது ஒரு வரி போதும். "ராத்திரி சரியா தூங்கல மிஸ்" என்றால், அன்றைக்குக் கதை நேரத்தில் அவள் இடம் என் மடி.